பிளவு ஈஸ்ட் பிளப்பதைப் படம் பிடிக்க: கன்ஃபோகல் முன் முதன்முறை உட்காருவோருக்கு ஒரு வழிகாட்டி

மைக்ரோஸ்கோப்பில் ஸ்லாட் கிடைத்துவிட்டது, ஸ்ட்ரெயின் (குறிப்பிட்ட மரபணு அமைப்புள்ள ஈஸ்ட் வகை) ஃப்ரீசரில் இருக்கிறது, நாளைக்கே போய் எடுத்துவிடலாம் என்று கிளம்பினால் பெரும்பாலும் கையில் கிடைப்பது பிளக்காமல் நிற்கும் செல்களின் படங்கள்தான். கருவியில் கோளாறு இருக்காது. செல் பட்டினியாலோ குளிராலோ லேசர் வெளிச்சத்தாலோ நின்றுபோயிருக்கும்.

இங்கே சொல்வது ஷைசோசாக்கரோமைசஸ் பாம்பே என்னும் பிளவு ஈஸ்டுக்கு மட்டும். அதிலும் இரண்டே அமைப்புகள்: குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் கதிர்கோல், செல்லின் நடுவில் இறுகும் சுருங்கு வளையம். கதிர்கோலை ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வதுபோல் இனி ஸ்பிண்டில் என்றே எழுதுகிறோம். கருவி, செல்லை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் ஸ்பின்னிங் டிஸ்க் கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப். கையில் எதுவும் இல்லாமல் தொடங்கினால் முதல் நல்ல வீடியோவுக்கு நான்கு மாதம் ஒதுக்குங்கள். அதில் மைக்ரோஸ்கோப் முன் உட்காரும் நேரம் 20 மணிதான்.

## 1. முதலில் செல்லின் கடிகாரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்பிண்டிலின் இரு முனைகளிலும் இருக்கும் துருவ உடல்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகும் கணத்தை 0 என்று வையுங்கள். 25 டிகிரி செல்சியஸில், இயல்பான செல்லில் நடப்பது ஏறத்தாழ இப்படி:

- 0-க்குச் சற்று முன்பே வளையப் புரதங்கள் செல்லின் நடுப்பட்டையில் புள்ளிகளாகக் கூடத் தொடங்கும்.
- 10 முதல் 12 நிமிடத்தில் அந்தப் புள்ளிகள் நெருங்கி ஒரே வளையமாகும். ஸ்பிண்டில் அப்போது 2 முதல் 3 மைக்ரோமீட்டர் நீளத்தில் நிற்கும்.
- 20 நிமிடத்தை ஒட்டி ஸ்பிண்டில் நீளத் தொடங்கும். 10 மைக்ரோமீட்டரைத் தாண்டி நீண்ட பின் கலையும்.
- 35 நிமிடத்தை ஒட்டி வளையம் இறுகத் தொடங்கி, 60 முதல் 70 நிமிடத்துக்குள் மூடிவிடும்.

இந்த நான்கு வரிகளைக் காகிதத்தில் எழுதி மைக்ரோஸ்கோப் அருகில் ஒட்டிக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு படியிலும், செய்தது சரியா என்று கேட்க வேண்டிய இடம் இதுதான். இயல்பு வகை செல் (மரபணுப் பிறழ்வு இல்லாதது) இந்த நேரத்துக்குப் பிளந்து முடித்தால் உங்கள் படம் நம்பத்தக்கது. வளையம் மூட இரண்டு மணி நேரம் ஆனால், படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது நோயுற்ற செல்லின் படம்.

இன்னொரு கணக்கும் தேவைப்படும். குறைந்த ஊட்ட ஊடகத்தில், 25 டிகிரியில் ஒரு தலைமுறை சுமார் 4 மணி நேரம். 90 நிமிட வீடியோவில் தொடக்கம் முதல் முடிவு வரை முழுதாகப் பார்க்க வேண்டுமானால், முதல் 25, 30 நிமிடத்துக்குள் பிளவுக்குள் நுழையும் செல்கள் மட்டுமே கணக்கில் வரும். அது பத்தில் ஒன்று. ஒரு காட்சிப் புலத்தில் 60 செல்கள் இருந்தால் 6 முழு நிகழ்வுகள் கிடைக்கும். 30 நிகழ்வு வேண்டுமானால் 5 புலம் வேண்டும். ஸ்லாட் எத்தனை மணி கேட்பது என்பதை இங்கிருந்து முடிவு செய்யுங்கள்.

## 2. தாள்வேலையை ஸ்ட்ரெயினுக்கு முன்பே தொடங்குங்கள்

நேரம் அதிகம் போவது இங்கேதான். பாம்பே ஈஸ்ட் நோய் உண்டாக்காது, பாதுகாப்பு நிலை 1 போதும். ஆனால் ஜிஎஃப்பி என்னும் பச்சை ஒளிர்புரதம் சேர்த்த ஸ்ட்ரெயின் மரபணு மாற்றிய உயிரி. இந்தியாவில் அது 1989ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வருகிறது. ஆகவே உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். குழு நினைத்தபோதெல்லாம் கூடாது. அடுத்த கூட்டத் தேதியைக் கேட்டு, அதற்கு இரண்டு வாரம் முன்பே விண்ணப்பத்தைக் கொடுங்கள். ஆய்வகத்துக்குப் பழைய ஒப்புதல் இருந்தால், அதில் பாம்பே ஈஸ்டின் பெயரும் வெளியிலிருந்து ஸ்ட்ரெயின் பெறுவதும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வாசித்துப் பாருங்கள். பேக்கர் ஈஸ்டுக்கு வாங்கிய ஒப்புதல் இதற்குச் செல்லாது.

வெளியிலிருந்து ஸ்ட்ரெயின் வாங்க, பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் தேவை, எம்டிஏ என்பார்கள். ஜப்பானின் என்பிஆர்பி ஈஸ்ட் சேமிப்பகத்திலும், கட்டுரை வெளியிட்ட ஆய்வகங்களிலும் கேட்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாணவருக்கோ கைடுக்கோ அதிகாரம் இருக்காது. நிறுவனத்தின் சார்பில் ஒப்பமிடுபவர் யார் என்று முதலிலேயே விசாரியுங்கள். கையெழுத்து, ஏற்றுமதி, சுங்கம் எல்லாம் சேர்த்து இரண்டு, மூன்று மாதம் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பொட்டலத்தில் உள்ளே என்ன இருக்கிறது, நோய் உண்டாக்காதது, ஆய்வுக்கு மட்டும், வணிக மதிப்பு இல்லை என்று எழுதிய கடிதமும் ஒப்புதலின் நகலும் வெளியே தெரியும்படி இருக்கட்டும். அகார் சாய்வில் வளர்த்தோ வடிதாளில் தடவியோ அனுப்பச் சொல்லுங்கள். திரவமாக வந்தால் சுங்கத்தில் தங்கும் நாட்களில் செல் செத்துப்போகும்.

உங்கள் நிறுவனத்தில் கருவி இல்லையென்றால் ஆய்வுக் கருவிகளைப் பகிரும் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் ஸ்பின்னிங் டிஸ்க் எங்கெங்கே இருக்கிறது என்று தேடலாம். கட்டணம் மணிக்கணக்கில், சொந்த மாணவர், வெளிக் கல்வி நிறுவனம், தொழில் நிறுவனம் என்று பெரும்பாலும் மூன்று விகிதம் இருக்கும். தொகையை விடவும் முக்கியமாக நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? கருவி சூடாகும் நேரத்துக்கும் காசு உண்டா? ரத்து செய்ய எத்தனை மணி முன்பே சொல்ல வேண்டும்? இயக்குநர் உடன் இருக்கும் நேரத்துக்குத் தனிக் கட்டணமா? உங்கள் செல் அன்று வளராமல் போகலாம். ஆகவே ரத்து விதியைப் பார்க்காமல் பதிவு செய்யாதீர்கள்.

பட்ஜெட்டுக்கு ஒரு தோராயம்: பயிற்சி 4 மணி, இயல்பு வகையும் பிறழ்வு வகையும் அருகருகே வைத்து மூன்று முறை, ஒவ்வொன்றும் 4 மணி, வீணாகும் என்று ஒரு நாள் 4 மணி. மொத்தம் 20 மணி. அதை மணிக் கட்டணத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

## 3. ஸ்ட்ரெயினைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு நிறம் போதும். வளையப் புரதமான ஆர்எல்சி1-உடன் ஜிஎஃப்பி சேர்த்தது (ஆர்எல்சி1-ஜிஎஃப்பி) வளையத்தைக் காட்டும். ஸ்பிண்டிலைக் கட்டும் நுண்குழல்களின் புரதமான ஏடிபி2-உடன் சிவப்பு ஒளிர்புரதமான எம்செர்ரி சேர்த்தது (எம்செர்ரி-ஏடிபி2) ஸ்பிண்டிலைக் காட்டும். ஸ்பிண்டிலின் நீளம் மட்டும் வேண்டுமானால் ஏடிபி2-க்குப் பதில், துருவ உடலில் இருக்கும் சாட்1 புரதத்துடன் எம்செர்ரி சேர்த்த சாட்1-எம்செர்ரி மேல். துருவ உடல்கள் இரண்டு பளிச்சென்ற புள்ளிகளாகத் தெரியும், குறைந்த வெளிச்சமே போதும், 0 கணமும் சந்தேகமின்றிக் கிடைக்கும். தொடக்கக்காரர்கள் சாட்1-இலிருந்து ஆரம்பிப்பதுதான் நல்லது.

இங்கே சில பொறிகள் உண்டு. வளையத்தின் இழைப் புரதமான ஆக்டினுடன் நேரடியாக ஜிஎஃப்பி சேர்த்தால் வளையம் தெரியாது. வளைய இழைகளைக் கட்டும் ஃபார்மின் புரதம், ஜிஎஃப்பி ஏறிய ஆக்டினை ஏற்பதில்லை. ஆக்டினில் ஒட்டி அதைக் காட்டும் லைஃப்ஆக்ட் என்னும் சிறு புரதத்துண்டு அளவுக்கு மீறி உற்பத்தியானால் ஆக்டினின் நடத்தையே மாறிவிடும். ஏடிபி2-வில் ஒளிர்புரதம் முன்முனையில்தான் இருக்க வேண்டும். அதுவும் கூடுதல் பிரதியாக, மிதமான புரமோட்டரின் (மரபணு எவ்வளவு செயல்பட வேண்டும் என்பதை முடிவு செய்யும் டிஎன்ஏ பகுதி) கீழ். ஏடி6 மரபணுவில் பிறழ்வு உள்ள ஸ்ட்ரெயினில் அடினின் குறைந்தால் சிவப்பு நிறமி சேர்ந்து, செல் முழுக்கத் தானே ஒளிரும். ஊடகத்தில் லிட்டருக்கு 225 மில்லிகிராம் அடினின் கட்டாயம்.

இரண்டு ஒற்றை நிற ஸ்ட்ரெயின்களை இனக்கலப்பு செய்து இரு நிற ஸ்ட்ரெயின் உண்டாக்க இரண்டு வாரம் ஆகும். எதிர்பால் வகைகளை மால்ட் அகாரில் 25 டிகிரியில் 2, 3 நாள் வையுங்கள். ஸ்போர் உறை நொதியால் கரைந்த பின் 30 சதவீத எத்தனாலில் அரை மணி நேரம் வைத்தால், கலக்காத செல்கள் மடிந்து ஸ்போர்கள் மட்டும் மிஞ்சும். இரண்டு ஸ்ட்ரெயினிலும் ஒரே மருந்து எதிர்ப்பு அடையாளம், அதாவது கானமைசின் (ஜி418) அடையாளம், இருந்தால் மருந்துத் தட்டால் பிரிக்க முடியாது. வாங்கும்போதே ஒன்று ஜி418, இன்னொன்று ஹைக்ரோமைசின் என்று பார்த்து வாங்குங்கள்.

கிடைத்த ஸ்ட்ரெயினை 25, 36 டிகிரி இரண்டிலும் ஃப்ளாக்ஸின் பி தட்டில் வளர்த்துப் பாருங்கள். கரும் சிவப்புக் காலனி என்றால் செல்கள் சாகின்றன, ஒளிர்புரதம் தொந்தரவு செய்கிறது என்று அர்த்தம். ஒற்றை நிறப் பெற்றோரைத் தூக்கிப் போடாதீர்கள். பச்சை வெளிச்சம் சிவப்புச் சானலில் கசிகிறதா என்று பார்க்க அவை வேண்டும்.

## 4. மூன்று நாள் வளர்ப்பு

வெள்ளிக்கிழமை காலை ஸ்லாட் என்றால் செவ்வாய் மாலையே புதுத் தட்டிலிருந்து காலனி எடுத்துத் திரவ ஊடகத்தில் போடுங்கள். அதன்பின் 36 முதல் 48 மணி நேரம் செல் ஒருமுறைகூட நெரிசலுக்குள் போகக் கூடாது. 595 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி 0.1-க்கும் 0.5-க்கும் இடையிலேயே நிற்கும்படி காலையும் மாலையும் நீர்க்கச் செய்யுங்கள். இரவில் 1-ஐத் தாண்டிப் போன வளர்ப்பைக் காலையில் நீர்த்து, மதியம் படம் எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. செல் சிறுத்திருக்கும், வெற்றிடக் குமிழ்கள் ஒளிரும், பிளவு ஒழுங்காக இருக்காது.

ஊடகம் பற்றி இரண்டு சொல். ஈஸ்ட் சாறு சேர்த்த ஒய்இஎஸ், பச்சைச் சானலில் தானே ஒளிரும். படத்துக்கு இஎம்எம் என்னும் குறைந்த ஊட்ட ஊடகம்தான். அதையும் ஆட்டோகிளேவ் செய்யாமல் வடிகட்டித் தூய்மை செய்யுங்கள். குளுக்கோஸ் கருகினால் பின்னணி வெளிச்சம் கூடும். ஒய்இஎஸ்-இல் வளர்த்துவிட்டு, படத்துக்குச் சற்று முன் இஎம்எம்-க்கு மாற்றுவது பெரிய பொறி. வளமான ஊடகத்திலிருந்து ஏழை ஊடகத்துக்கு இறங்கிய செல்கள், சிறியதாக இருக்கும்போதே அவசரமாகப் பிளவுக்குள் நுழையும். நீங்கள் அளப்பது உங்கள் பிறழ்வின் விளைவா, ஊடக மாற்றத்தின் விளைவா என்று பிறகு பிரிக்கவே முடியாது. தொடக்கம் முதலே இஎம்எம்-இல் வளருங்கள்.

நிறைய செல் ஒரே நேரத்தில் பிளக்க வேண்டுமென்றால் சூட்டில் பிளவுக்குள் நுழையாமல் நிற்கச் செய்யும் சிடிசி25-22 பிறழ்வைப் பயன்படுத்தி 36 டிகிரியில் 4 மணி நேரம் நிறுத்தி, 25-க்கு இறக்கலாம். நிகழ்வுகள் குவியும், ஸ்லாட் செலவு குறையும். ஆனால் நின்ற நேரத்திலும் செல் நீண்டுகொண்டே இருக்கும். 14 மைக்ரோமீட்டரில் பிளக்க வேண்டியது 20-ஐத் தாண்டியிருக்கும். நீண்ட செல்லில் ஸ்பிண்டிலும் நீளம். ஆகவே வரிசையும் இடைவெளியும் பார்க்க இது உதவும். இயல்பான நீளங்களை இதில் அளக்காதீர்கள்.

## 5. சிலைடு

பொருட்கள்: 170 மைக்ரோமீட்டர் தடிமனான 1.5 எண் கவர்சிலிப், 2 சதவீத அகரோஸ், அதே இஎம்எம், ஓரம் அடைக்க வாசலின், லனோலின், பாரஃபின் சம அளவு உருக்கிய கலவை. 1 எண் கவர்சிலிப் மலிவு என்று வாங்கினால், லென்ஸ் எதிர்பார்க்கும் தடிமன் இல்லாமல் படம் மங்கும். ஒரு பெட்டிக்கு மிச்சமாகும் காசு ஒரு மணி நேர ஸ்லாட்டுக்குக்கூட ஈடாகாது.

1 மில்லி வளர்ப்பை 1,000 முதல் 1,500 ஜி விசையில் 30 விநாடி சுழற்றுங்கள். சென்ட்ரிஃப்யூஜ் 4 டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொதுக் கருவியில் பெரும்பாலும் அப்படித்தான் விட்டுவைத்திருப்பார்கள். குளிரில் நுண்குழல்கள் கலையும், ஸ்பிண்டில் காணாமல் போகும். 25 டிகிரிக்கு மாற்றிவிட்டுக் காத்திருங்கள். மேல்நீரைக் கொட்டி, மிச்சமுள்ள 30 மைக்ரோலிட்டரில் செல்லைக் கலக்கி, 2 மைக்ரோலிட்டரை அகரோஸ் தளத்தில் வைத்து, நீர் உறிஞ்சும்வரை ஒரு நிமிடம் விட்டு, கவர்சிலிப் மூடி, ஓரத்தை உடனே அடையுங்கள். தளம் காய்ந்தால் உப்புச் செறிவு ஏறி, செல் சுருங்கி, ஆக்டின் குலையும். அடைக்காத சிலைடு 20 நிமிடத்துக்கு மேல் தாங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இயல்பு வகையும் பிறழ்வும் ஒரே வெளிச்சத்தில், ஒரே வெப்பத்தில் ஒப்பிட வேண்டுமானால் எட்டுக் குழிக் கண்ணாடித் தட்டு நல்லது. அடியில் சோயாபீன் லெக்டின் (சர்க்கரையில் ஒட்டும் புரதம்) பூசிச் செல்லை ஒட்டவையுங்கள். பேக்கர் ஈஸ்டுக்குப் பயன்படும் கான்கனவாலின் ஏ-யை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். பாம்பேயின் சுவரின் மேல் காலக்டோஸ் நிறைந்திருப்பதால் சோயாபீன் லெக்டின்தான் நன்றாகப் பிடிக்கும்.

## 6. மைக்ரோஸ்கோப்பில்

அறை ஏசியில் 21, 22 டிகிரி இருக்கும். எண்ணெய் லென்ஸ் சிலைடின் சூட்டை உறிஞ்சிவிடும். மேடைக்கு மட்டும் சூடேற்றி போட்டால் போதாது, லென்ஸுக்கும் வேண்டும். ஸ்லாட் தொடங்கியதும் 25-இல் வைத்து 45 நிமிடம் விடுங்கள். அதுவரை குவியம் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் 0.1 மைக்ரோமீட்டர் நான்கு நிற டெட்ராஸ்பெக் மணிகளைப் படம் எடுங்கள். பச்சைக்கும் சிவப்புக்கும் இடையில் எத்தனை பிக்சல் விலகல் என்பது அதில் தெரியும்.

தொடங்குவதற்கான அமைப்பு:

- லென்ஸ் 100 மடங்கு, துளை எண் 1.4 அல்லது 1.45, எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.518.
- 488 நானோமீட்டர் பச்சைக்கு, 561 சிவப்புக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் 100 மில்லிவிநாடி.
- 0.4 மைக்ரோமீட்டர் இடைவெளியில் 16 அடுக்கு. மொத்த உயரம் 6 மைக்ரோமீட்டர். செல்லின் தடிமன் 4-க்குள்தான். மேலும் கீழும் மிச்சம் விடுவது குவிய நகர்வுக்காக.
- 1 நிமிடத்துக்கு ஒரு முறை, 90 நிமிடம்.

வெளிச்சம் மட்டுமே ஒரு புலத்துக்கு 3.2 விநாடி எடுக்கும். அடுக்கு நகரும் நேரம், ஃபில்டர் மாறும் நேரம் சேர்த்து 6 விநாடி. ஒரு நிமிடத்தில் எட்டு, ஒன்பது புலம் எடுக்கலாம் என்று கணக்கு சொல்லும். எண்ணெய் லென்ஸ் தூரம் தாண்டிப் போகும்போது குவியம் விட்டுப்போவதால் 5-உடன் நிறுத்துங்கள்.

## 7. வெளிச்சத்தைக் குறைப்பது

இந்த ஒரு படியில் பொறுமை காட்டினால் மற்றதெல்லாம் மன்னிக்கப்படும். லேசர் 20 சதவீதம் என்று குறிப்பேட்டில் எழுதுவதில் பயனில்லை. அடுத்த வாரம் அதே 20 சதவீதம் வேறு சக்தியாக இருக்கலாம். லென்ஸின் வாயில் பவர் மீட்டர் வைத்து அளந்து எழுதுங்கள். மீட்டர் இயக்குநரிடம் இருக்கும், கேட்டால் தருவார்.

பிறகு, வளையம் பின்னணியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும் ஆகக் குறைந்த சக்தியைக் கண்டுபிடியுங்கள். திரையில் அழகாகத் தெரிய வேண்டியதில்லை, அளக்க முடிந்தால் போதும். பரிசோதனை இது: 90 நிமிடம் முடிந்ததும், லேசர் படாத பக்கத்துப் புலத்தை வெறும் வெள்ளை வெளிச்சத்தில் பார்த்துக் குறுக்குச்சுவர் உள்ள செல்களை எண்ணுங்கள். லேசர் பட்ட புலத்திலும் எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். லேசர் பட்ட பக்கம் ஸ்பிண்டில்கள் 2, 3 மைக்ரோமீட்டரிலேயே நின்றிருந்தாலோ, செல்முனை வளர்ச்சி நின்றிருந்தாலோ வெளிச்சம் அதிகம். முதலில் 488-ஐப் பாதியாக்குங்கள், செல்லை அதிகம் காயப்படுத்துவது அதுதான். அதுவும் போதாவிட்டால் இடைவெளியை 2 நிமிடமாக்குங்கள். வளையம் இறுக அரை மணி ஆகும்; 2 நிமிட இடைவெளி தாராளம்.

## 8. அளவெடுக்கும்போது

ஸ்பிண்டில் எப்போதும் தட்டையாகப் படுத்திருக்காது. அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக அமுக்கிய படத்தில் நீளம் அளந்தால் குறைவாகத்தான் வரும். 2.5 மைக்ரோமீட்டர் ஸ்பிண்டிலின் ஒரு முனை 1.2 மைக்ரோமீட்டர் உயரத்தில் இருந்தால் படத்தில் 2.2 என்றுதான் தெரியும். இரு துருவப் புள்ளிகளின் மூன்று அச்சு இடங்களையும் எடுத்துத் தூரம் கணக்கிடுங்கள்.

வளையத்தின் சிக்கல் வேறு. படுத்திருக்கும் செல்லில் வளையம் செங்குத்தாக நிற்பதால் ஒரு கோடுபோல் தெரியும். அந்தக் கோட்டின் நீளமே விட்டம். அதை π-ஆல் பெருக்கினால் சுற்றளவு. வளையத்தை முகப்பில் வட்டமாகப் பார்க்க அடுக்குகளைத் திருப்பிப் பார்த்தால் அது முட்டை வடிவில் வரும், ஏனென்றால் உயர அச்சில் பிரித்தறியும் திறன் பக்கவாட்டை விட மூன்று மடங்கு மோசம். அதைப் பார்த்து வளையம் நசுங்கியிருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். வட்டமாகவே வேண்டுமானால் செல்லைக் குத்துக்காலாக நிறுத்தும் நுண்குழித் தளம் தேவை.

சேமிப்பு: 2048-க்கு 2048 பிக்சல் படம் ஒன்று 8.4 எம்பி. 16 அடுக்கு, 2 நிறம், 90 நேரப்புள்ளி என்றால் ஒரு புலத்துக்கு 24 ஜிபி, 5 புலத்துக்கு 120 ஜிபி. பென்டிரைவோடு போகாதீர்கள். நடுவில் 1024-க்கு 1024 வெட்டி எடுத்தால் புலத்துக்கு 6 ஜிபிதான். ஆனால் செல்களின் எண்ணிக்கையும் கால் பங்காகும். முதல் படியில் போட்ட கணக்கை அப்போது மறுபடி போடுங்கள்.

## 9. இன்னும் கூர்மை வேண்டுமென்றால்

ஸ்பின்னிங் டிஸ்கில் 220 நானோமீட்டருக்கு நெருக்கமான இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும். வளையம் எப்போது கூடுகிறது, எப்போது இறுகுகிறது என்பதுதான் கேள்வி என்றால் இதுவே போதும். வளையத்துக்குள் எந்தப் புரதம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பது கேள்வியானால் போதாது.

கோடுகளிட்ட வெளிச்சத்தில் பல படம் எடுத்துக் கூர்மையாக்கும் முப்பரிமாண சிம் முறை ஓர் அடுக்குக்கு 15 படம் எடுக்கும். வெளிச்சக் கணக்கும் அதற்கேற்ப ஏறும். நீண்ட வீடியோவுக்கு அது உதவாது, ஓரிரு கணங்களைப் பிடிக்கவே சரி. பெரும்பாலும் செல்லை நிலைப்படுத்தித்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். அங்கே ஒரு தேர்வு கட்டாயம்: மைனஸ் 20 டிகிரி மெத்தனால் நுண்குழல்களைக் காக்கும், ஆனால் ஆக்டினுக்குச் சாயமேற்றும் ஃபாலாய்டின் அதன்பின் அதில் ஒட்டாது. ஸ்பிண்டிலையும் ஆக்டின் வளையத்தையும் ஒரே மெத்தனால் சிலைடில் சாயமேற்றிப் பார்க்க முயன்று வாரங்களை இழக்காதீர்கள். மாதிரியை ஜெல்லில் பதித்து நான்கு மடங்கு விரிக்கும் முறை சாதாரணக் கன்ஃபோகலிலேயே 60 நானோமீட்டர் அளவுக்கு இறங்க உதவும். அதற்குச் செல்சுவர் முழுதாகச் செரிக்க வேண்டும். சுவர் துளி மிஞ்சினாலும் அந்தச் செல் விரியாமல், பக்கத்துச் செல் விரிந்து, ஒரே படத்தில் இரண்டு அளவுகோல் வந்துவிடும். அளக்கும் முன் ஒவ்வொரு செல்லின் அகலத்தையும் பாருங்கள். விரியாத செல்லில் அது 4 மைக்ரோமீட்டரை ஒட்டியே நிற்கும், அதை நீக்கிவிட்டு மேலே போங்கள்.